பேனருக்குக் கேட்ட படம்

சிதம்பரம்,
14.7.2024

அன்புத் தம்பி ராஜாமணிக்கு,

உன் அக்கா லோகநாயகி எழுதுகிறேன். நானும் அருள்மொழியும் இங்கே இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே உனக்கும் மலர்க்கொடிக்கும் ஒரு வாய் சோறாவது இறங்குகிறதா? மலருக்கு அடிக்கடி மயக்கம் வருகிறதாமே, இளநீராவது குடிக்கச் சொல்.

சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு ஒன்றேகால் மணி நேரம் பஸ். அங்கே இருக்கிற கூடப்பிறந்தவனுக்குத் தபாலில் எழுத வேண்டிய கதி எனக்கு. என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவளை வாசலில் நிற்கவைத்து, "இவுங்களுக்கு இங்க என்னா வேல?" என்று என் காதுபடவே யாரிடமோ கேட்டாய். நான் திரும்பி வந்துவிட்டேன். வரும்போது தெருமுனையில் நீ கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் பேனர் அடிக்கிறவன் சொந்த மகளுக்கு அடித்த பேனர். இருபதடி இருக்கும். மாமன், மச்சான், பெரியப்பா, உன் கடைக்கு மை கொண்டுவந்து போடுகிறவன் பெயர்கூட இருந்தது. பிழை திருத்தியே பழகிய டீச்சர் கண் இல்லையா, வெயிலில் நின்று இரண்டு தடவை படித்தேன். சிந்துஜாவுக்கு அத்தை என்று ஒருத்தி இருந்ததாகவே தெரியவில்லை.

நீ ஊரில் என்னென்னவோ சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்வி. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம் இரண்டு பிள்ளைகளும் வடக்கே ஒரே பயிற்சிப் பள்ளியில் விமானம் ஓட்டப் படித்தார்கள். ஜூன் பதினொன்றாம் தேதி காலையில் ஆளுக்கொரு சின்ன விமானத்தில் தனித்தனியாகப் போனார்கள். திரும்பி வரும்போது, விமான நிலையத்துக்கு ஆறு கிலோமீட்டர் முன்னால், இரண்டு விமானமும் வானத்திலேயே மோதிக்கொண்டன. சிந்துவின் விமானம் இறக்கை ஒடிந்து நேரே விழுந்து எரிந்தது. அருளின் விமானம் தத்தளித்துப் போய் ஒரு சோளக்கொல்லையில் குத்தியது. இவனுக்கு இடுப்பும் வலது காலும் உடைந்தன. இதில் என் பிள்ளை பிழைத்தது நான் செய்த குற்றமா?

ஆவணியில் நிச்சயம் வைத்திருந்தோமே ராஜா. எனக்கு மருமகளாக வர இருந்தவள். அதற்கும் முன்னால் என் தம்பி மகள், என் இடுப்பில் வளர்ந்தவள். நான் எங்கே போய் அழுவது? ஒரு நாள் வர விடு. மலரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அழுதுவிட்டுப் போய்விடுகிறேன்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா
லோகநாயகி

❖

கடலூர்,
2.8.2024

திருமதி லோகநாயகி அம்மாள் அவர்களுக்கு,

எங்கள் உடம்பைப் பற்றி விசாரித்திருக்கிறீர்கள். மூச்சு வருகிறது, போகிறது.

விசாரணை அதிகாரிகளின் முதல் அறிக்கை எனக்கும் வந்தது. நீங்களும் படித்திருப்பீர்கள். கண்ட்ரோல் டவரில் இருந்தவர் உங்கள் மகனிடம், இரண்டாயிரம் அடியிலேயே இரு, முன்னால் போகிற விமானம் இறங்கட்டும், அதன் பின்னால் வா என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். இவனும் சரி என்று பதில் சொல்லியிருக்கிறான். சொல்லிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கீழே இறங்கி, என் மகள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறான். நம்ம ரோட்டில் பிரைவேட் பஸ்காரன் இன்னொரு பஸ்ஸை ஒரசிக்கிட்டுப் போவான் பாருங்கள், அந்த மாதிரி.

வானம் அவ்வளவு பெரிசாகக் கிடக்கிறது. என் பொண்ணு பக்கத்தில்தான் அவனுக்கு இடம் கிடைத்ததா?

யார் வரச் சொன்னார்கள் அவனை? முறைப்பையன் என்கிற திமிரா? வித்தை காட்டினானா? என் மகள் ஒழுங்காகத் தன் வழியில் வந்துகொண்டிருந்தாள். அங்கே போலீஸ் கேசு போட்டிருக்கிறது. நன்றாக நடக்கட்டும். பேனரில் பெயர் இல்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். கொன்றவன் வீட்டுப் பெயரைப் போட எனக்கு மனசு வரவில்லை.

இனிமேல் எழுத வேண்டாம். உங்கள் மகனின் கால் சீக்கிரம் குணமாகட்டும். கோர்ட்டுக்கு நடந்து போக வேண்டும் அல்லவா?

இப்படிக்கு,
ப. ராஜாமணி

❖

சிதம்பரம்,
11.8.2024

ராஜாவுக்கு,

'அம்மாள்' என்று எழுதிவிட்டால் உறவு அறுந்துவிடுமா? நீ எத்தனை 'அவர்கள்' போட்டாலும் நான் உன் அக்காதான். எனக்குச் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, பரவாயில்லை. நீ பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டாயாமே. என்மேல் இருக்கிற கோபத்தை மாத்திரைமேல் காட்டாதே.

யார் வரச் சொன்னது என்று கேட்டாய். அதையேதான் நானும் இரண்டு மாதமாக அருளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான். அதிகாரிகள் ஆஸ்பத்திரிக்கே வந்து கேட்டார்கள். "என் தப்புதான் சார்" என்றான். அவ்வளவுதான். ஏன் பக்கத்தில் போனாய் என்றால் சுவரைப் பார்க்கிறான்.

உனக்கு அவனைத் தெரியாதா? ரயில்வே கேட் மூடியிருந்தால் ஊரே குனிந்து நுழைந்து போகும். இவன் மட்டும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ரயில் வந்து போகும்வரை நிற்பான். "தோ வந்துட்டான் அரிச்சந்திரன்" என்று நீயே எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கிறாய்! அப்படிப்பட்டவன் டவரில் சொன்னதை மீறினான் என்றால் அவனை யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். வானத்தில் அவனைக் கூப்பிட அன்றைக்கு ஒருத்திதான் இருந்தாள்.

சிந்துமேல் பழி போடுகிறேன் என்று குதிக்காதே. முழுசாகக் கேள். போலீஸ் அருள் ஒருவன்மேல் மட்டும் வழக்குப் போட்டிருக்கிறது. கவனக்குறைவால் உயிர் போகக் காரணமானான் என்று. டிசம்பர் முடிவதற்குள் பதில் கொடுக்க வேண்டும். தானாகப் போய் மோதினான் என்று ஆனால் ஜெயில்தான் என்கிறார் வக்கீல். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு சேர்ந்து வந்தார்கள் என்று காட்டினால் வழக்கே நிற்காதாம். இருபத்திமூன்று வயசு ராஜா அவனுக்கு.

ஜூன் பத்தாம் தேதி சாயங்காலம் சிந்து எனக்குப் போன் செய்தாள். "அத்தை, ரெண்டு நாள் பொறுங்க. ஒன்னு அனுப்பறேன். பாத்துட்டு மயக்கம் போட்டு வுழுந்துடாதீங்க" என்று சிரித்தாள். அது என்ன? உன்னிடம் ஏதாவது சொன்னாளா? அவள் போன் கருகிவிட்டது, அருள் போன் நொறுங்கிவிட்டது. உன் போனில் அவள் அனுப்பியது இருக்கும். கொஞ்சம் பார். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

மலரைச் சாப்பிடச் சொல். மாத்திரையை விடாதே.

அக்கா

❖

கடலூர்,
29.9.2024

அக்காவுக்கு,

உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? நான் மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில் போட ஏழு வாரம் ஆகிவிட்டது. போன தடவை எழுதியது கொஞ்சம் ஜாஸ்திதான். வயிறு எரிந்தது, எழுதிவிட்டேன்.

நீ கேட்ட போன் இல்லை. சிந்துவின் சாம்பலைக் கரைத்த அன்றைக்கே தேவனாம்பட்டினம் கடலில் வீசிவிட்டேன். அதைப் பார்க்கப் பார்க்க அவள் முகம்தான் வந்தது. இப்போது பட்டன் போன்தான் வைத்திருக்கிறேன். கடை ஆர்டருக்கு அது போதும்.

அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. எதற்காகப் பக்கத்தில் வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? போனவள் வரப்போகிறாளா? அக்கா, எதையும் கிளறாதே. மலர் இப்போதுதான் ஒரு வாரமாகத் தலை பின்னிக்கொள்கிறாள். நேற்று ரசம் வைத்தாள். உப்பு இல்லை. நான் சொல்லவில்லை, குடித்துவிட்டேன்.

வக்கீலிடம் வேறு வழி பார்க்கச் சொல். அருளுக்குக் கால் எப்படி இருக்கிறது? ஊன்றி நடக்கிறானா?

இனி வீட்டு விலாசத்துக்கு எழுத வேண்டாம். தபால்காரன் மலர் கையில்தான் கொடுக்கிறான். கடைக்கு எழுது.

ராஜாமணி

❖

சிதம்பரம்,
6.10.2024

ராஜாவுக்கு,

மலர் ரசம் வைத்தாள் என்று படித்ததும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அருள் வாக்கர் பிடித்து ஹாலில் நாலு நடை நடக்கிறான். என் சர்க்கரை கிடக்கட்டும் விடு.

போனைச் சாம்பலோடு கடலில் வீசினாய். அப்படித்தானே? செப்டம்பர் மூன்றாம் தேதி சிந்துவின் பிறந்தநாள். எங்கள் பள்ளிக்கூட ரேகா டீச்சர், ஆண்டு விழாவுக்கு உன்னிடம் பேனர் அடித்தவர், ஸ்டாஃப் ரூமில் என்னிடம் போனை நீட்டினார். "டீச்சர், உங்க தம்பி ஸ்டேட்டஸ் வெச்சிருக்காரு, பாருங்க, பாவமா இருக்கு." வெள்ளைச் சட்டையும் தோள்பட்டைப் பட்டையுமாகச் சிந்து நிற்கிறாள். உன் நம்பர். கடலுக்கு அடியிலிருந்து ஸ்டேட்டஸ் வைத்தாயோ? பொய் சொன்னால் ஒழுங்காகச் சொல்லத் தெரிய வேண்டாமா?

ஏன் பொய் என்று எனக்கு இப்போது தெரியும். போன புதன்கிழமை அருளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். ஆபரேஷன் தழும்பில் கை பட்டதும் எனக்கு அடக்க முடியவில்லை. "எதுக்குடா போன, எதுக்குடா அவ கிட்ட போன?" என்று அவன் முதுகிலேயே அடித்துவிட்டேன். அப்போதுதான் சொன்னான்.

"வூட்ல பேனருக்கு போட்டோ கேட்டாங்களாம்மா. நிச்சயதார்த்த பேனர். சிந்து மூஞ்சியும் தெரியணும், பின்னாடி சன்னல்ல நான் ஓட்டற பிளேனும் தெரியணும், ஒரே போட்டோவுல. நான் மாட்டேன்னுதான் சொன்னேன். ரெண்டே நிமிஷம்டா, லேண்டிங்குக்கு முன்னாடி எடுத்துட்டு நீ மேல ஏறிடுன்னு கெஞ்சினாம்மா."

யாரிடமும் சொல்லக்கூடாது என்று தன் தலையில் என் கையை வைத்து சத்தியம் வாங்கிக்கொண்டான். "செத்தவ மேல பழியப் போட்டுட்டு நான் வெளிய வரணுமா?" என்கிறான். அவன் ஜெயிலுக்குப் போகத் தயார். நான் தயாராக இல்லை. சத்தியம் போகட்டும், அந்தப் பாவம் என்னோடு.

வீட்டில் பேனருக்குப் படம் கேட்டார்கள் என்றால் யார்? உன் வீட்டில் பேனர்காரன் யார்? ஊரே வாய் பிளக்க வேண்டும், கடைக்குப் பேர் வர வேண்டும் என்று பெற்ற மகளை வானத்தில் போஸ் கொடுக்கச் சொன்னவன் நீ. அந்த மெசேஜ் உன் போனில் இருக்கிறது. அதை ஒளித்துவைத்துக்கொண்டு என் மகனைக் கொலைகாரன் என்று எனக்கே எழுதினாயே, உனக்கு நாக்கு கூசவில்லையா?

போனைக் கொடு. வக்கீலிடம் காட்டிவிட்டுத் திருப்பித் தருகிறேன். வேறு ஒன்றும் வேண்டாம்.

மலரை விசாரித்ததாகச் சொல். சொல்ல முடிந்தால்.

லோகநாயகி

❖

கடலூர்,
25.11.2024

அக்காவுக்கு,

இங்கே மழை. கெடிலம் ஆற்றில் தண்ணீர் போகிறது. மலருக்குச் சளி, மற்றபடி தேவலை. அருள் வாக்கரை விட்டுவிட்டு நடக்கிறான் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் கல்லாப்பெட்டிக்குள் கிடந்தது. நடுவில் நீ இரண்டு தடவை கடைக்கு வந்ததையும் வேலைக்கு நிற்கிற பையன் சொன்னான். உள்ளேதான் இருந்தேன். வெளியே வர முடியவில்லை.

ஆமாம். நான்தான் கேட்டேன். போதுமா?

நான்தான் பேனருக்குப் படம் கேட்டேன். என் பேராசைதான். என்னை என்ன வேண்டுமானாலும் சொல். கோழை என்று சொல், மகளைக் கொன்றவன் என்று சொல். ஊரில் பேனர் வைத்தே சொல், நானே அடித்துத் தருகிறேன். ஆனால் வக்கீலுக்கு எழுதித் தரமாட்டேன். போனையும் தரமாட்டேன். அதிகாரிகள் வந்து கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வேன்.

ஏன் என்று கேட்காதே. எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. உன்னிடம் சொல்ல முடியாது.

அருளுக்குப் பெரிய வக்கீலாக வை. வேறு என்ன வேண்டுமோ கேள், செய்கிறேன். மலருக்கு மட்டும் இதைப் பற்றி ஒரு வரி எழுதிவிடாதே. அந்தப் படத்தைப் பற்றி அவள் காதில் விழவே கூடாது. உன் காலில் விழுகிறேன் அக்கா.

ராஜாமணி

❖

சிதம்பரம்,
1.12.2024

அன்பு மலருக்கு,

அண்ணி எழுதுகிறேன். உனக்குச் சளி என்று தெரிந்தது. மிளகும் துளசியும் போட்டுக் கஷாயம் வைத்துக் குடி. ஆறு மாதமாக உன் முகத்தைப் பார்க்காமல் இருக்கிறேன். என்றைக்கும் உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

இதை எழுதக்கூடாது என்று உன் புருஷன் என் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறான். நான் நாலு நாள் யோசித்தேன். நோட்டீசுக்குப் பதில் கொடுக்க இன்னும் முப்பது நாள்தான் இருக்கிறது. நீயும் ஒரு பிள்ளையைப் பெற்றவள். என் நிலைமை உனக்குப் புரியும்.

அருள் தானாகச் சிந்துவின் பக்கத்தில் போகவில்லை. நிச்சயதார்த்த பேனருக்காகச் சிந்து முகமும் அருள் விமானமும் ஒரே படத்தில் வர வேண்டும் என்று உன் புருஷன் போனில் கேட்டிருக்கிறான். அந்தப் படத்துக்காகத்தான் இரண்டு பேரும் ஒட்டி வந்திருக்கிறார்கள். அப்போதுதான் மோதியிருக்கிறது. கேட்டது நான்தான் என்று அவனே கைப்பட எழுதிவிட்டான். ஆனால் போனைத் தர மறுக்கிறான். தன் பேர் கெட்டுவிடும் என்று பயப்படுகிறான். அவன் பேர் பெரிசா, என் பிள்ளை வாழ்க்கை பெரிசா?

போன் வீட்டில் இருக்காது. கடையில் எங்காவது வைத்திருப்பான். அவன் இல்லாத நேரத்தில் தேடிப் பார். ஜூன் மாதத்து மெசேஜ். கிடைத்தால் எனக்கு அனுப்பு. அவனைத் திட்டாதே. திட்டுவதற்கு நான் இருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள் மலர். ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்காதே.

அண்ணி
லோகநாயகி

❖

கடலூர்,
19.12.2024

அண்ணிக்கு மலர்க்கொடி எழுதுறது.

எனக்குச் சளி விட்டுடுச்சு. நீங்க சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடுங்க. அருளுக்கு நடக்கும்போது வலி இருக்கா?

நீங்க எழுதினபடியே கடைக்குப் போனேன். அவரு நெல்லிக்குப்பத்துக்கு பேனர் கட்டப் போயிருந்தாரு. மை டப்பா வெக்கிற அலமாரியில, பழைய பிளெக்ஸ் துணியில சுத்தி போன் இருந்துது. அங்கியே சார்ஜ் போட்டு, தரையில ஒக்காந்து பாத்தேன்.

அண்ணி, அவரு ஒன்னும் கேக்கல. அவரு மெசேஜ் ஒன்னுகூட இல்ல. ஜூன் எட்டாந்தேதி ஒரு வாய்ஸ் மெசேஜ் இருக்கு. அதுல இருக்கறது என் குரல்.

என் போன்ல பேசுனா கரகரன்னு வரும்னு அவரு போனை வாங்கிப் பேசியிருக்கேன். பேசுனதே எனக்கு மறந்துபோச்சு. அது அப்படியே இருக்கு: "சிந்து, அம்மா பேசறேன். இங்க ஒருத்திகூட நீ பிளேன் ஓட்டறேன்னு நம்ப மாட்டேங்கறா. போன தடவ உங்கப்பா வெச்ச பேனரைப் பாத்துட்டு, கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டுனதுன்னு சொல்லிச் சிரிக்கறாளுவ. இந்தத் தடவ ஒட்டுவேலையே வேணாம். உன் மூஞ்சியும் அருள் பிளேனும் ஒரே போட்டோவுல நெசமா எடுத்து அனுப்பு. ஒட்டுனதா நெசமான்னு எனக்குப் பாத்தாலே தெரியும். இருவது வருசமா இந்தாளு கடையப் பாக்கறேன்." நான் சிரிக்கிற சத்தமும் இருக்கு.

அவ பதில் போட்டிருக்கா. "சரிம்மா, உன் மூக்கு மேல வெரல் வெக்கிற மாதிரி எடுத்து அனுப்பறேன்." அதுக்குக் கீழ ஒரு பிளேன் பொம்மை.

அருள் பக்கத்துல வந்ததுக்கு இதான் காரணம்னு இத்தனை மாசம் யாரும் எனக்குச் சொல்லல. அவரு சொல்ல வுடல. நீங்க அவரு மேல கோவப்படாதீங்க. அருள் மேல எனக்கு வருத்தம் இல்லன்னு அவன்கிட்ட சொல்லுங்க.

போனை இதோட கூரியர்ல அனுப்பறேன். அதிகாரிங்க கேட்டா அது என் குரல்தான்னு வந்து சொல்றேன். நீங்க திருப்பி அனுப்ப வேணாம்.

பொங்கலுக்கு அருளுக்குப் புதுத்துணி எடுங்க. வேணாம்னு வுட்டுடாதீங்க.

மலர்க்கொடி

❖

கடலூர்,
9.2.2025

அக்காவுக்கு,

உனக்கு உடம்பு தேவலையா? ஜெயித்துவிட்டாய். சந்தோஷமாக இரு.

போலீஸ் வழக்கைக் கைவிடப்போகிறது என்று உன் வக்கீல் சொன்னாராம், ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அருளுக்கு நல்லதுதான். நான் அவனைப் பற்றி எழுதியதை எல்லாம் அவன் படித்திருந்தால் மாமா மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

சிந்துவின் காரியம் முடிந்த நாலாம் நாளே அந்தக் குரலைக் கேட்டேன். அப்போது தெரிந்துவிட்டது எனக்கு. அன்றையிலிருந்து ஒரே வேலைதான். அது மலர் காதில் விழக்கூடாது. அதற்காக அருளைத் திட்டினேன், உன்னைத் திட்டினேன், நான்தான் கேட்டேன் என்று பொய் எழுதினேன். அருள் உள்ளே போனாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்தேன். பச்சைத் துரோகம்தான், தெரிந்தே செய்தேன். உன்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். பத்தாவது பரீட்சையில் நான் காப்பி அடித்ததை அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னவள் நீ. உன் வாயில் ஒன்று நிற்குமா?

மலர் அழவில்லை. அழுதால்கூடத் தேவலை. பொங்கல் முடிந்து அதிகாரி வந்தார். அவர் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னாள். கடைசியில் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "சார், எம்பொண்ணு அந்த போட்டோவ எடுத்துட்டாளா, இல்ல எடுக்கறதுக்குள்ள அப்படி ஆயிடுச்சா?" அந்தப் பெண்ணின் போன் முழுசாகக் கருகிவிட்டது, தெரியாதும்மா என்றார்.

அன்றையிலிருந்து இதே கேள்விதான். பால்காரரிடம் கேட்கிறாள். துக்கம் கேட்க வருகிறவர்களிடம் கேட்கிறாள். ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு முன்னால் நிற்பவளிடம் கேட்கிறாள். கேட்டுவிட்டுப் பதிலுக்காக அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எல்லோரும் நழுவிவிடுகிறார்கள். டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்.

பக்கத்தில் இருந்தவன் அருள் ஒருத்தன்தான். அவன் பார்த்திருப்பான். கேட்டு எழுது அக்கா. கடை விலாசத்துக்கே எழுது.

ராஜாமணி

❖

சிதம்பரம்,
16.2.2025

ராஜாவுக்கு,

நான் இருக்கிறேன். என் உடம்பைப் பற்றி இனி நீ கேட்க வேண்டாம். கேட்கும்படியான காரியம் நான் செய்யவில்லை.

வழக்கு இல்லை என்று ஆகிவிட்டது. விமானம் ஓட்டும் அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள், இனி அது கிடைக்காது. டவரில் சொன்னதை மீறினான் இல்லையா, அது பொய்யாகிவிடாதே. அருள் சிதம்பரத்தில் ஒரு மொபைல் கடையில் உட்காருகிறான். சத்தியத்தை மீறினேன் என்று இரண்டு மாதமாக என்னிடம் பேசுவதில்லை. தண்ணி, மாத்திரை, கதவைச் சாத்து. இந்த மூன்றுக்கு மேல் அவன் வாயிலிருந்து எனக்கு ஒரு வார்த்தை கிடையாது.

உன் கடிதத்தை அவன் முன்னால் வைத்தேன். மலர் கேட்கிற கேள்வியைப் படித்தான். தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவ போனைத் தூக்கிப் புடிச்சா. என் பிளேன் பின்னாடி தெரியணும்னா அவ எனக்கு முதுகக் காட்டித்தானம்மா திரும்பணும். திரும்பிட்டா. பிளேன் என் பக்கமா சரியறது அவளுக்குத் தெரியல. நான் ரேடியோவுல கத்தறேன், கத்தறேன், திரும்பவே இல்ல. எடுத்தாளா எடுக்கலயான்னு எனக்குத் தெரியாது. நான் பாத்தது அவ பின்னந்தலைய மட்டுந்தான்."

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டான்.

உண்மை வேண்டும், உண்மை வேண்டும் என்று நாலு மாதம் உன்னைப் பிடுங்கி எடுத்தேன். நீ ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு உன் வீட்டைத் தாங்கி நின்றாய். நான் வந்து தட்டிவிட்டேன். என் பிள்ளைக்காகத்தான் செய்தேன், மறுபடியும் அந்த நிலைமை வந்தாலும் செய்வேன் போலிருக்கிறது. அதனால்தான் எனக்கு என்மேலேயே கோபம் ஆறவில்லை.

இந்தத் தாளைப் படித்ததும் கடையிலேயே கொளுத்திவிடு. கூட இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். அதை மட்டும் மலரிடம் கொடு.

அக்கா

❖

சிதம்பரம்,
16.2.2025

அன்பு மலருக்கு,

அண்ணி எழுதுகிறேன். சாப்பிடுகிறாயா? அருளுக்குப் பொங்கலுக்கு நீலச் சட்டை எடுத்தேன், போட்டுக்கொண்டான்.

நீ கேட்டதை அவனிடம் கேட்டேன். அவன் பார்த்துக்கொண்டேதான் இருந்தானாம். எடுத்தாளாம் மலர். நல்ல வெளிச்சமாம். இவன் பக்கம் திரும்பி ஒரு தடவை சிரித்தாளாம். அப்புறம் போனைப் பார்த்துச் சிரித்தாளாம். முகம் முழுசாகத் தெரிந்ததாம். படம் நன்றாக வந்திருக்கும்.

அண்ணி